வன்னியில் 43 கணினிகளுக்கு ஒபிஸ் மேம்படுத்தியபோது: ஒரு நிகழ்வு ஆய்வு

2025 ஒக்டோபர் 14. அந்த வருடம் பெப்ரவரியிலேயே தலைமை அலுவலகச் சுவர்க் கலண்டரில் இந்தத் திகதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்தேன். ஒபிஸ் 2016, ஒபிஸ் 2019, விண்டோஸ் 10 மூன்றுக்கும் மைக்ரோசொப்ட் தரும் ஆதரவு அன்றோடு முடிகிறது. அதன்பின் வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. எங்களிடம் இருந்த கணினிகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஏதோ ஒன்றை நம்பியே ஓடின. மிச்சம் அதைவிடப் பழசு.

ஒக்டோபர் என்றால் இங்கே, இலங்கையின் வன்னியில், காலபோகம். மழை தொடங்கி, வயல் விதைத்து, ஆட்கள் பயிர்க்கடன் கேட்டு வருகிற காலம். நாங்கள் சிக்கனமும் கடனும் நடத்தும் ஒரு கூட்டுறவு அமைப்பு. விண்ணப்பம், பிணைக் கடிதம், தவணை அட்டவணை என்று எல்லாமே வேர்டிலும் எக்செலிலும்தான் தயாராகும். அந்த மாதத்தில் ஒரு கிளையின் கணினி அரை நாள் நின்றாலே வரிசை வாசலைத் தாண்டி வீதிக்கு வந்துவிடும். அதனால் ஜூலையில் தொடங்கி, சிறுபோக அறுவடை நடக்கும்போதே செப்டம்பருக்குள் முடிப்பதென்று நிர்வாகக் குழுவிடம் ஒப்புதல் வாங்கினேன்.

வேலை முடிந்து சில மாதங்கள் ஆன பிறகு இதை எழுதுகிறேன். மென்பொருளை ஏற்றுவது ஒரு கணினிக்கு இருபது நிமிட வேலை. எங்களை வாட்டியது எழுத்துரு. தமிழில் வேலை செய்யும் அலுவலகம் ஒபிஸ் மாற்றப் போகிறதென்றால், என்ன பதிப்பு, எத்தனை லைசன்ஸ் என்று கணக்கெடுப்பதற்கு முன்னால் யார் எந்த எழுத்துருவில் அடிக்கிறார் என்று கணக்கெடுக்க வேண்டும். நான் அதைச் செய்யவில்லை. அதற்கு என்ன விலை கொடுத்தோம் என்பதைத்தான் கீழே விரிவாகச் சொல்லப் போகிறேன்.

எங்களிடம் இருந்தது

கிளிநொச்சியில் தலைமை அலுவலகம். முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், மாங்குளம், மல்லாவி, பூநகரி ஆகிய ஆறு இடங்களில் கிளைகள். மொத்தம் 43 கணினிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் நானே போய் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். ஒபிஸ் 2007 ஆறில், 2010 பதினொன்றில், 2013 மூன்றில், 2016 பத்தொன்பதில், 2019 நான்கில். 2007 இருந்தவற்றில் நான்கு இன்னும் விண்டோஸ் 7. லைசன்ஸ் இல்லாத பிரதிகளும் இருந்தன. கணினி வாங்கியபோது கடைக்காரர் போட்டுக் கொடுத்ததை அப்படியே பாவித்து வந்திருக்கிறோம். மக்களின் சேமிப்பை வைத்திருக்கும் இடத்தில் அது இருக்கவே கூடாது என்று குழுக் கூட்டத்தில் பட்டென்று சொன்னேன். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்கவில்லை.

அடுத்த கேள்வி, எதை வாங்குவது. மாதச் சந்தாவில் வரும் மைக்ரோசொப்ட் 365 நல்லதுதான். ஆனால் அது குறைந்தது 30 நாட்களுக்கு ஒரு தடவையாவது இணையத்தோடு தொடர்புகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கோப்பைப் பார்க்கலாம், திருத்த முடியாது. எங்கள் கிளைகளில் இணையம் என்பது ஒரு சிம் ரவுட்டர். அத்தோடு சந்தாவின் விலை டொலரோடு கட்டியிருக்கிறது. 2022 இல் டொலர் என்ன பாடுபடுத்தியது என்பதும், மின்வெட்டு ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனதும் குழுவில் இருந்த எல்லோருக்கும் நினைவிருந்தது. ஒரு தடவை காசு கட்டினால் முடிந்தது என்ற முறைதான் அவர்களுக்கு நிம்மதி. ஆகவே ஒபிஸ் எல்.ரி.எஸ்.சி. 2024. அதற்கு 2029 ஒக்டோபர் 9 வரை ஆதரவு உண்டு. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஓடும். விண்டோஸைப் பிறகு படிப்படியாக மாற்றும்போது ஒபிஸை மறுபடி தொட வேண்டியதில்லை.

எல்லோருக்கும் வாங்கக் காசு இல்லை. கருமபீடங்களில் இருப்பவர்கள் கோப்பைத் திறந்து அச்சடிப்பதோடு சரி. அந்தக் கணினிகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஒபிஸ் போதும் என்று சோதித்துப் பார்த்து முடிவெடுத்தோம். கணக்குப் பிரிவின் மக்ரோக்கள் (எக்செலுக்குள் தானாக ஓடும் சிறு நிரல்கள்) அதில் சரியாக ஓடவில்லை, அதனால் அங்கே மட்டும் பிடிவாதம் பிடிக்கவில்லை. விண்டோஸ் 7 இல் ஒபிஸ் 2024 ஏறாது என்பதால் நான்கில் மூன்றுக்குப் பதிலாகப் புதிய கணினிகள் வந்தன. நான்காவதை வலையமைப்பிலிருந்து கழற்றி, பழைய கோப்புகளைத் திறந்து பார்ப்பதற்கென்று ஆவண அறையில் வைத்தோம். கடைசிக் கணக்கு: 29 இல் ஒபிஸ் 2024, 13 இல் லிப்ரே ஒபிஸ், ஒன்று பழையபடி.

ஏற்றிய விதம்

இதற்கு மைக்ரோசொப்ட் தரும் ஒபிஸ் டிப்ளோய்மன்ட் டூல் என்ற சிறு கருவி போதும். எந்தப் பதிப்பு, 32 பிட்டா 64 பிட்டா, எந்த மொழிகள், பழையதை அகற்றுவதா என்பதையெல்லாம் ஒரு அமைவுக் கோப்பில் எழுதுகிறோம். முதலில் அந்தக் கோப்பைக் காட்டி மூலக் கோப்புகளை ஒரு தடவை இறக்கிக்கொள்ள வேண்டும். பிறகு அதே கோப்பைக் காட்டி ஒவ்வொரு கணினியிலும் ஏற்ற வேண்டும். தலைமை அலுவலகத்தில் நல்ல இணையம் இருப்பதால் அங்கே இறக்கி, இரண்டு யூ.எஸ்.பி. டிஸ்க்குகளில் போட்டேன். அவற்றைப் பையில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏ-9 வழியே மாங்குளம், அங்கிருந்து மேற்கே மல்லாவி, கிழக்கே ஏ-34 இல் ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு. பரந்தனால் திரும்பி ஏ-35 இல் புதுக்குடியிருப்பு. பூநகரிக்குத் தனியாக ஒரு நாள்.

லைசன்ஸை உயிர்ப்பிக்கும் முறையிலும் யோசிக்க வேண்டியிருந்தது. அலுவலகத்துக்குள் ஒரு சேர்வரை வைத்து எல்லாக் கணினிகளையும் அதனிடம் பதிவு செய்யும் முறை ஒன்று இருக்கிறது. ஆனால் அப்படிப் பதிவான கணினி 180 நாட்களுக்குள் சேர்வரை மறுபடி காணவேண்டும். கிளைகளுக்கும் தலைமை அலுவலகத்துக்கும் இடையே நிலையான இணைப்பு இல்லாத எங்களுக்கு அது ஒத்துவராது. ஒரு தடவை இணையத்தில் உயிர்ப்பித்தால் அப்படியே நிற்கும் திறவுகோல் முறையைத் தெரிவு செய்தோம். அதில் எத்தனை தடவை உயிர்ப்பிக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. கணினியை அழித்து மீண்டும் போட்டால் இன்னொன்று குறையும். ஆகவே இன்று வரை ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதி வைக்கிறேன்.

முன்னோடியாகத் தலைமை அலுவலகத்தில் ஐந்து கணினிகளில் போட்டுப் பார்த்தேன். எல்லாம் வழுவழுவென்று போயின. அந்த ஐந்துமே இளம் பிள்ளைகள் பாவிப்பவை, யுனிகோடில் (தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியீடு உள்ள முறையில்) அடிப்பவர்கள். கணக்காய்வாளர்கள் வந்திருந்ததால் கணக்கு அறைக்குள் நான் போகவே இல்லை. முன்னோடிச் சோதனைக்குச் சுலபமான கணினிகளைப் பொறுக்கியெடுத்தது என் பிழை.

முதல் அடி மாங்குளத்தில். எங்கள் கணக்கு மென்பொருள் அறிக்கைகளை எக்செலுக்கு அனுப்ப, 32 பிட் அக்சஸ் இயந்திரம் (தரவைக் கையாளும் ஒரு மென்பொருள் பகுதி) ஒன்றை நம்பியிருக்கிறது. நான் ஏற்றியது 64 பிட் ஒபிஸ். 32 பிட், 64 பிட் ஒபிஸ் பகுதிகள் ஒரே கணினியில் சேர்ந்து இருக்காது. அறிக்கை என்று அழுத்தினால் பிழைச் செய்தி மட்டும் வந்தது. அன்று பின்னேரமே அகற்றி, அமைவுக் கோப்பில் 64 என்பதை 32 ஆக்கி, கிளிநொச்சிக்குத் திரும்பி 32 பிட் மூலக் கோப்புகளை இறக்கினேன். பிறகு எல்லா இடத்துக்கும் 32 பிட்தான். எங்கள் எக்செல் கோப்புகள் ஒன்றும் பெரிய நினைவகம் கேட்பவை அல்ல, இழந்தது எதுவும் இல்லை.

அதே கணக்குப் பிரிவில் வட்டி கணக்கிடும் தாளில் ஒரு பொத்தான் இருந்தது. யாரோ 2010 பதிப்பில் அக்டிவ்எக்ஸ் என்ற பழைய முறையில் செய்தது. ஒபிஸ் 2024 இல் அக்டிவ்எக்ஸ் இயல்பாகவே அடைத்துத்தான் வருகிறது, கேள்வியும் கேட்காது. அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை, ஏன் என்றும் சொல்லவில்லை. பாதுகாப்புக்காக அடைத்ததைத் திறந்துவிட எனக்கு மனம் வரவில்லை. அதே மக்ரோவைச் சாதாரண போர்ம் பொத்தானில் கட்டிக் கொடுத்தேன். பத்து நிமிட வேலை.

ஒட்டுசுட்டானில் நடந்தது வேறு. அங்கே எனக்குத் துணைக்கு வந்த தம்பி, டிஸ்க்கிலிருந்து ஏற்றும் கோப்பையும் அமைவுக் கோப்பையும் மட்டும் டெஸ்க்டொப்பில் கொப்பி பண்ணிவிட்டு ஓட விட்டிருக்கிறான். அமைவுக் கோப்பில் மூலக் கோப்புகளின் இடத்தை நான் எழுதியிருக்கவில்லை. இடம் எழுதாவிட்டால் கருவி தன் பக்கத்தில் தேடும்; அங்கே இல்லையென்றால் சத்தமில்லாமல் இணையத்திலிருந்து இறக்கத் தொடங்கும். நான்கு கணினியிலும் அப்படியே செய்திருக்கிறான். கிளையின் அந்த மாத டேட்டா மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. தம்பியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, இடத்தைக் கோப்பில் எழுதியிருக்க வேண்டியவன் நான். அன்றிலிருந்து கிளைகளில் ஏற்றும்போது ரவுட்டரை நிறுத்திவிட்டு ஏற்றுகிறோம். உயிர்ப்பிக்கும் நேரத்தில் மட்டும் போடுகிறோம்.

தலைவர், துலைவர்

புதுக்குடியிருப்பில் ஏற்றி முடித்து, எல்லாம் திறக்கிறது, அச்சடிக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் காலை தொலைபேசி. அந்தக் கிளையின் எழுதுவினைஞர் அக்கா. தட்டச்சுப் பொறிக் காலத்திலிருந்து இருப்பவர்.

“தம்பி, நான் தலைவர் எண்டு அடிக்கிறன், அது துலைவர் எண்டு வருது. அழிச்சு அழிச்சு அடிச்சாலும் அப்பிடித்தான் வருது. பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டிய கடிதம். இதை எப்பிடி அனுப்புறது?”

குரலில் அழுகை இருந்தது. எங்கள் பேச்சில் துலை என்றால் தொலைந்து போ என்று பொருள். அப்படி ஒரு கடிதத்தைக் கையெழுத்துக்கு வைக்க முடியுமா?

நடந்தது இதுதான். அக்கா அடிப்பது பாமினியில். பாமினி யுனிகோட் எழுத்துரு அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்த பழைய முறை. திரையில் “தமிழ்” என்று தெரிவது கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஒரு அரைப்புள்ளி. கணினிக்கு அது ஆங்கிலம்தான். வேர்டின் தானியங்கித் திருத்தம் என்ன செய்கிறது? வாக்கியத்தின் முதல் ஆங்கில எழுத்தைப் பெரிய எழுத்தாக்குகிறது. பாமினியில் சின்ன ஜே என்றால் த, பெரிய ஜே என்றால் து. ஆகவே வாக்கியம் த-வில் தொடங்கினால் து ஆகிவிடும். கணக்கு என்று தொடங்கினால் குணக்கு. பணம் என்று தொடங்கினால் புணம். இதோடு சேர்த்து, சொல்லின் தொடக்கத்தில் இரண்டு பெரிய எழுத்து வந்தால் இரண்டாவதைச் சின்னதாக்கும் இன்னொரு திருத்தமும் இருக்கிறது. அது முழுமையாக என்பதை முழமையாக என்று ஆக்கும்.

பழைய ஒபிஸில் இவை எல்லாவற்றையும் யாரோ ஒருவர் எப்போதோ நிறுத்தி வைத்திருக்கிறார். யார் என்று அக்காவுக்கும் நினைவில்லை. புதிய ஒபிஸ் வந்ததும் எல்லாம் இயல்பு நிலைக்குத் திரும்பிவிட்டன.

கடிதமென்றால் கண்ணில் படும், திருத்திவிடலாம். எனக்கு வயிறு கலங்கியது வேறொன்றைப் பார்த்தபோது. வேர்ட் அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் வழக்கமும் அதற்கு உண்டு. அந்த மூன்று நாட்களில் அக்கா ஒரு கடன் பட்டியலை அட்டவணையில் அடித்திருந்தார். அதில் கணேசன் குணேசன் ஆகியிருந்தார். மகேஸ்வரி, முகேஸ்வரி. கணேசனும் குணேசனும் ஒரே ஊரில் இருக்கக்கூடிய இரண்டு பேர். ஒருவர் எடுத்த கடன் இன்னொருவர் பெயரில் ஏறுவதற்கு இதைவிட வேறு வழி வேண்டாம். அன்றே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், அந்த மூன்று நாட்களில் அடித்த ஒவ்வொரு கோப்பையும் அக்காவும் நானும் பக்கத்தில் இருந்து வாசித்தோம். மாலை ஆறு மணி தாண்டிவிட்டது. பட்டியலில் பதினொரு பெயர் பிழையாகியிருந்தது.

மாற்றம் செய்வது சுலபம். தானியங்கித் திருத்தப் பட்டியலில் வாக்கியத் தொடக்கம், அட்டவணைக் கட்டம், இரண்டு பெரிய எழுத்து ஆகிய மூன்று பெட்டிகளின் அடையாளத்தையும் எடுத்துவிட வேண்டும். இந்த அமைப்பு பயனர் கணக்குக்குக் கணக்கு தனித்தனியாக இருக்கும். ஒரு கணினியில் காலையில் ஒருவரும் பின்னேரம் ஒருவரும் வேறு வேறு கணக்கில் வேலை செய்தால் இரண்டிலும் எடுக்க வேண்டும். எழுத்துருவுக்கும் இதே கதைதான். இப்போதைய விண்டோஸில் எழுத்துருக் கோப்பை வெறுமனே நிறுவு என்று அழுத்தினால் அந்தப் பயனருக்கு மட்டும் ஏறும். எல்லாப் பயனருக்கும் என்பதைத் தனியாகத் தெரிவு செய்ய வேண்டும். முல்லைத்தீவில் ஒருவருக்குத் தமிழும் அடுத்தவருக்கு ஆங்கிலக் கிறுக்கலும் தெரிந்ததற்கு இதுதான் காரணம்.

புதிய மூன்று கணினிகளில் லதா எழுத்துருவே இருக்கவில்லை. விண்டோஸ் 10 இலிருந்து அது தனியாகச் சேர்க்க வேண்டிய தமிழ் மேலதிக எழுத்துருத் தொகுப்புக்குள் போய்விட்டது. லதாவில் ஒரு பக்கத்துக்குள் அடங்கிய கடிதம் வேறு எழுத்துருவில் விரிந்து, கையெழுத்து மட்டும் இரண்டாம் பக்கத்தில் தனியாக விழுந்தது. தொகுப்பைச் சேர்த்ததும் சரி.

உறுப்பினர் பட்டியல்

இவ்வளவும் பட்ட பிறகு பாமினியை அப்படியே விட்டுவைக்க முடியாது என்று தோன்றியது. குறைந்தது உறுப்பினர் பட்டியலையாவது யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். அந்தப் பட்டியலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2009 இல் போர் முடிந்தபோது எங்கள் பேரேடுகள் எதுவும் மிஞ்சவில்லை. 2010 இல் சனம் ஊருக்குத் திரும்பியபோது, எத்தனையோ இடம்பெயர்வுகளுக்குள்ளும் பையில் சுற்றிக் காப்பாற்றி வைத்திருந்த பாஸ் புத்தகங்களைக் கொண்டுவந்து நீட்டினார்கள். அவற்றைப் பார்த்து, ஒவ்வொரு பெயராகப் பாமினியில் அடித்து எழுப்பிய பட்டியல் அது. அடித்தவர்களில் புதுக்குடியிருப்பு அக்காவும் ஒருவர். ஆறாயிரத்துக்கு மேல் பெயர்கள். அதில் ஒரு எழுத்துப் பிழைத்தாலும் எனக்குத் தாங்காது.

பாமினியில் இருந்ததால் அதைத் தமிழ் அகரவரிசையில் அடுக்கவே முடியாமல் இருந்தது. எக்செல் ஆங்கில வரிசையில் அடுக்கும். பாமினியில் ம என்பது கே, அ என்பது எம். ஆகவே அருளம்மா மகேஸ்வரிக்குப் பின்னால் போய் நிற்பார். பெயரைத் தேடுவதற்கும் பாமினியிலேயே அடித்துத் தேட வேண்டும்.

முதல் முயற்சியில் முழுத் தாளையும் எழுத்துரு மாற்றியில் போட்டேன், ஒரு பிரதியில்தான். வந்ததைப் பார்த்ததும் நிறுத்தினேன். பழைய தேசிய அடையாள அட்டை இலக்கம் ஒன்பது இலக்கங்களும் கடைசியில் வீ அல்லது எக்ஸ் எழுத்தும் கொண்டது. பாமினியில் பெரிய வீ என்றால் ஏ, பெரிய எக்ஸ் என்றால் ஓ. மாற்றி தன் வேலையைச் சரியாகச் செய்து, பழைய அட்டைக்காரர் அத்தனை பேரின் இலக்கத்துக்குப் பின்னாலும் ஏ அல்லது ஓ என்று போட்டிருந்தது. 2016 இலிருந்து வந்த பன்னிரண்டு இலக்க அட்டைக்காரர்கள் தப்பிவிட்டார்கள். முகவரிகளில் ஆங்கில எழுத்துருவில் அடித்திருந்த காற்புள்ளிகள் எல்லாம் இ ஆகியிருந்தன, ஏனென்றால் பாமினியில் காற்புள்ளி விசைதான் இ. இணையத்தில் பழைய தமிழ்க் கட்டுரைகளில் காற்புள்ளி வர வேண்டிய இடத்தில் இ நிற்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதே நோய்.

இரண்டாம் தடவை நிரல் நிரலாகப் போனோம். பெயரும் ஊரும் மட்டும் மாற்றியில். இலக்கங்கள் தொடவே இல்லை. முகவரிகளில் எழுத்துரு எது என்று கட்டம் கட்டமாகப் பிரித்து, பாமினியில் இருந்த பகுதியை மட்டும் மாற்றினோம். பிறகு பழைய தாளையும் புதிய தாளையும் அச்சடித்து, இரண்டு பேர் எதிரெதிரே இருந்து ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்த்தார்கள். எட்டு நாள் எடுத்தது. இதைக் கணினியே செய்யலாமே என்று குழுவில் ஒருவர் கேட்டார். எழுத்துரு மாற்றி செய்த பிழையை அதே மாற்றியால் கண்டுபிடிக்க முடியாது. தவிர, அந்தப் பெயர்களைத் தெரிந்த ஆள் வாசிக்கும்போது 2010 இல் அடித்த பிழைகளும் பதினாலு பதினைந்து வெளியே வந்தன.

அடிக்கும் பழக்கத்தை மாற்றச் சொல்லி நான் ஒருவரையும் வற்புறுத்தவில்லை. இருபது வருடம் விரலில் ஏறியதை ஒரு பயிற்சி வகுப்பில் இறக்க முடியாது. இ-கலப்பை போன்ற கருவியில் பாமினி விசைப்பலகையைத் தெரிவு செய்தால், விரல் பாமினி வரிசையில் அடிக்க, திரையில் யுனிகோட் விழும். விரும்பியவர்களுக்கு அதைப் போட்டுக் கொடுத்தேன். இலங்கைக்கென்று தமிழ் விசைப்பலகைத் தரம் ஒன்றே இருக்கிறது, எஸ்.எல்.எஸ். 1326 என்று 2008 இல் வந்தது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அதைப் பழக்குவதென்று குழு முடிவெடுத்தது.

இப்போது

ஒக்டோபர் 14 வந்தபோது 42 கணினிகளிலும் வேலை முடிந்திருந்தது. பயிர்க்கடன் வரிசை வழமைபோல் ஓடியது. மாதாந்தத் திருத்தங்களைத் தலைமை அலுவலகத்தில் இறக்கி, ஒவ்வொரு கிளையிலும் ஒரு கணினியின் பொதுக் கோப்புறையில் வைக்கிறோம். மற்றக் கணினிகள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி அமைவுக் கோப்பிலேயே எழுதிவிட்டேன். கிளை டேட்டா மிச்சம். கணக்கெடுப்புத் தாளில் பதிப்பு, பிட், லைசன்ஸ் ஆகிய நிரல்களுக்கு முன்னால் இப்போது இரண்டு நிரல்கள் இருக்கின்றன: அடிப்பவர் யார், எந்த எழுத்துரு.

புதுக்குடியிருப்பு அக்கா இ-கலப்பையை ஒரு கிழமை பாவித்துப் பார்த்துவிட்டு, ஓய்வு பெறும் வரைக்கும் பாமினியே போதும் என்று சொல்லிவிட்டார். அவருடைய கணக்கில் அந்த மூன்று பெட்டிகளும் வெறுமையாக இருக்கின்றன. ஒவ்வொரு மாதமும் திருத்தம் ஏறிய பிறகு நான் முதலில் திறந்து பார்ப்பது அவருடைய கணினியைத்தான். திறந்து, வெற்றுப் பக்கத்தின் முதல் வரியில் தலைவர் என்று ஒரு தடவை அடித்துப் பார்ப்பேன்.